தண்டவாளத்தோடு போனவர்

மலாக்காவில் இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி, ரயில்வே ஸ்டேஷன் எங்கே என்பதுதான். சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அப்புறம். முப்பது வருடத்துக்கு மேல் திருச்சியில் ரயில்வே டிராபிக் இன்ஸ்பெக்டராக இருந்தவன், புது ஊருக்குப் போனால் கோயிலுக்கு முன்பு ஸ்டேஷனைத்தான் பார்ப்பான். ஓய்வு கொடுத்து அனுப்பியவர்கள் பித்தளை பேட்ஜ் முதல் கைவிளக்கு வரை எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பழக்கத்தை மட்டும் வாங்க மறந்துவிட்டார்கள்.

மூன்று சக்கர ரிக்‌ஷா ஓட்டிய சீனக் கிழவர் என்னை ஒரு சரக்குக் கொட்டகையின் முன்னால் இறக்கிவிட்டார். உள்ளே ரப்பர் ஷீட்டுகளை அடுக்கியிருந்தார்கள். பிளாட்பாரம் இருந்தது. அதன் ஓரத்தில் கயிறு கட்டி யாரோ கைலி காயப்போட்டிருந்தார்கள். நான் பணியில் இருந்திருந்தால் அந்தக் கைலிக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ போயிருக்கும். பிளாட்பாரத்துக்குக் கீழே, தண்டவாளம் இருக்க வேண்டிய இடத்தில், கத்தரிச் செடிகள் காய்த்துக் கிடந்தன.

பக்கத்தில் காப்பிக்கடை வைத்திருந்த தமிழரிடம் போனேன்.

“தம்பின் ஜங்ஷனுக்கு வண்டி எப்ப?”

“தம்பினுக்கா? பஸ்சு அங்கிட்டு நிக்கும் ஐயா.”

“பஸ் இல்லை. ரயில்.”

அவர் என் கோட்டையும் குடையையும் ஏற இறங்கப் பார்த்தார். “ஊர்லேருந்து இப்பத்தான் வர்றீங்களா? ரயிலு சயாமுக்குப் போயிருச்சி லா.”

“எப்பத் திரும்பும்?”

“என்னய்யா நீங்க. வண்டி போனா திரும்பும். தண்டவாளத்தையே பேத்துக்கிட்டுப் போனா எதுமேல திரும்பும்? ஜப்பான்காரன் காலத்துல போனது. குடிங்க, காப்பி ஆறுது.”

காப்பி தார் போலக் கறுப்பாக இருந்தது. அடியில் கெட்டிப்பால் கலங்காமல் படிந்திருந்தது. நான் கலக்காமலேயே குடித்துவிட்டேன் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

விபத்தில் தண்டவாளம் வளைந்து பார்த்திருக்கிறேன். காவிரி வெள்ளத்தில் பாலம் நகர்ந்ததைப் பார்த்து அறிக்கை எழுதியிருக்கிறேன். இரண்டு ஊருக்கு நடுவே இருந்த ஒரு பாதை, ஆணியும் கட்டையும் உட்பட, முழுசாகக் காணாமல் போய்ப் பார்த்ததில்லை. ரயில்வேயில் ஒரு கைவிளக்கு தொலைந்தாலே விசாரணை உண்டு. ஒரு ரயில்வேயே தொலைந்தால் யாரை விசாரிப்பது என்று எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

இந்தப் பாதையின் சரித்திரம் எனக்கு ஓரளவு தெரியும். தம்பின் முதன்மைப் பாதையில் உள்ள சந்திப்பு. அங்கிருந்து மலாக்காவுக்கு, இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில் நீராவி எஞ்சினுக்காகப் போட்டது இந்தக் கிளை. மலாக்காத் துறைமுகம் மண் தூர்ந்து, பெரிய கப்பல்கள் சிங்கப்பூருக்குப் போய்விட்ட காலம். ரயில் வந்தால் ஊர் பிழைத்துவிடும் என்று வியாபாரிகள் நம்பினார்கள். ஊர் பிழைத்ததோ இல்லையோ, வழியெங்கும் ரப்பர் தோட்டங்கள் பிழைத்தன. ஷீட்டும் மரவள்ளி மாவும் ஒரு பக்கம் போயின. அரிசியும் கருவாடும் நம்முடைய ஆட்களும் இன்னொரு பக்கம் வந்தார்கள்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் தங்கை செண்பகத்தின் கணவர் திருஞானம். அந்தப் பாதையின் பராமரிப்பு இன்ஸ்பெக்டர் அவர். கேங் ஆட்களை வைத்துக்கொண்டு தண்டவாளத்தையும் அதைத் தாங்கும் கட்டைகளையும் கவனிக்கும் வேலை. தாலி கட்டிய கையோடு பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மலாயா மழையில் ஜல்லி எப்படிக் கரைந்து போகிறது என்று பாயசம் வரும்வரை பேசினார். ரயில்வேக்காரனுக்குப் பெண் கொடுத்த திருப்தி எனக்கு அன்றே வந்துவிட்டது.

யுத்தம் முடிந்த பிறகு செண்பகம் எழுதிய கடிதங்களில் ‘அவர் லைன் வேலையாகப் போயிருக்கிறார்’ என்று ஒரே வரி இருக்கும். ஊர் திரும்பிய ஒருவர் சொல்லித்தான் அந்த லைன் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் காட்டுக்குள் போட்ட மரண ரயில். காப்பிக்கடைக்காரர் சொன்னபோதுதான் புரிந்தது, மலாயாவின் கிளைப்பாதைகளைப் பெயர்த்துத்தான் அதற்கு இரும்பு கொண்டுபோனார்கள். கூடவே ஆட்களையும்.

ஆகையால் நான் சுற்றிப் பார்க்க வரவில்லை. தங்கையைத் திருச்சிக்கு அழைத்துக்கொண்டு போக வந்தேன். ஏழு வருடம் ஓர் ஆளைப்பற்றித் தகவல் இல்லையென்றால் இறந்தவராகக் கொள்ளலாம் என்பது சட்டம். ஏழு வருடம் தாண்டிவிட்டது. அவளிடம் அதை முறைப்படி எடுத்துச் சொன்னால் போதும் என்று நினைத்துக் கப்பல் ஏறினேன்.

மறுநாள் செண்பகம் வேலை செய்யும் ரப்பர் தோட்டத்துக்குப் போகுமுன், பாசார் என்கிற சந்தையில் அவளுக்கு இரண்டு டின் பால் வாங்கினேன். கடைக்காரர் டின்னை எடுத்து, ஓர் ஆணியை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்து, ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

“சேதமான சரக்கை நான் எடுத்துக்கமாட்டேன்,” என்றேன்.

“ஓட்டை போடாம வித்தா என் கடைய சேதம் பண்ணிருவாங்க ஐயா. ஆர்டரு. முழு டின்னு காட்டுக்குப் போகும், ஓட்டை டின்னு போகாது. சீக்கிரம் குடிச்சிருங்க.”

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகாமல் தடுக்க ரோட்டில் பட்டாளம். வெள்ளைக்காரன் இதை யுத்தம் என்று சொல்வதில்லை. அவசரகாலம் என்பார்கள். யுத்தம் என்று சொன்னால் தோட்டங்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காதாம். இப்படி ஒரு விஷயத்தைக் கேட்டதும் அரசாங்கத்தின்மேல் எனக்குப் பழைய மரியாதை திரும்பி வந்தது. யாரோ ஒரு நல்ல கிளார்க் எங்கேயோ வேலை செய்துகொண்டிருக்கிறார்.

பஸ்ஸில் ஒழுகும் இரண்டு டின்களோடு போனேன். மூன்று இடத்தில் நிறுத்தினார்கள். ஒவ்வோர் இடத்திலும் எல்லாரும் இறங்கி, கைகளைத் தூக்கி, மறுபடி ஏறினோம். எனக்குப் பக்கத்தில் தஞ்சோங் கிளிங் கடற்கரை மீன் கூடையோடு ஒரு மலாய்ப் பாட்டி. மீனைக்கூட வயிற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். அவர் ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டுத் தமிழர் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னது: “நல்லாப் பாருப்பா, உள்ள ஒருத்தன் துப்பாக்கியோட உக்காந்திருக்கான்.”

தோட்டத்தைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்கு முள்வேலி. உணவுப்பொருள் எதையும் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று கேட்டில் நான்கு மொழியில் ஒரு போர்டு. வேலிக்குள்ளே லயங்கள் என்கிற வரிசை வீடுகள், கோயில், பள்ளிக்கூடம், கணக்கெழுதும் கிராணியின் வீடு. செண்பகம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேட்டுக்கே வந்து நின்றிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம்.

“வாங்கண்ணே. பிரயாணம் சவுகரியமா இருந்துச்சா?” என்றவள், என் பையை வாங்கிக்கொண்டு, நடந்தபடியே சொன்னாள்: “கூட்டிட்டுப் போகத்தான் வந்தீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. பேசி முடிச்சிட்டு நிம்மதியா சாப்பிடலாம்.”

“சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான்,” என்றேன்.

“சரி,” என்றாள். நம்பவில்லை.

சாப்பாடுதான் என்னை அடுத்தபடியாக அதிரவைத்தது. தோட்டத்துக்கே ஒரே அடுப்பு. யார் வீட்டிலும் அரிசி ஒரு மணி கிடையாது. சாயங்காலம் சட்டியோடு வரிசையில் நின்றால் வெந்த சோற்றை அளந்து போடுவார்கள். விருந்தாளிக்குத் தனி அனுமதி, தனி அளவு.

“அரிசியாக் குடுத்தா என்ன?” என்றேன்.

“அரிசி மாசக்கணக்கா இருக்கும். காட்டுக்குப் போயிடும். சோறு மறுநாள் புளிச்சுடுமில்லையா? அதான் வெந்ததாவே குடுக்கறாங்க. அந்தச் சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. ரப்பர் பால் வெட்டப் போறவங்க வெறும் வயித்தோட போயி, மத்தியானம் திரும்பி வந்துதான் சாப்பிடணும்.”

சட்டம் போட்டவன் மூளைக்காரன் என்று மனசுக்குள் பாராட்டினேன். தண்ணீர்ப் போத்தலை மட்டும் இடுப்பில் கட்டிக்கொண்டு விடியலில் ஆட்கள் கேட்டில் வரிசையாக நின்று சோதனை கொடுப்பதைப் பார்த்தபோது, அந்தப் பாராட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். வரிசையில் அநேகம் பேர் பெண்கள். “ஆம்பளைங்க எங்கே?” என்று கேட்டேன். செண்பகம் வடக்குப் பக்கம் கையைக் காட்டினாள். ஒரு லயத்தில் வீட்டுக்கு ஒருவர் என்று ஜப்பான்காரன் ரயில் போடப் பிடித்துப் போனானாம். சில வீட்டில் இரண்டு பேர்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான்தான் கேட்டேன், திருஞானம் கடைசியாக வண்டி ஏறின இடத்தைக் காட்டுகிறாயா என்று. தோட்டத்துக்குப் பின்னால், வேலிக்கு வெளியே, அரைமணி நடையில் ஒரு சின்ன ரயில் நிறுத்தம் இருந்ததாம். “ஞாயித்துக்கிழமை போலாம். வெளிச்சத்துலயே திரும்பிடணும்,” என்றாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. கஷ்டமான பேச்சு எதையும் வீட்டுக்குள் பேசமாட்டோம். ஊருக்குப் போகிற வழியில், மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்த பிறகுதான் பேசுவோம். சொத்துப் பிரித்தது, செண்பகத்தை மலாயாவில் கொடுக்கலாமா என்று அப்பா கேட்டது, எல்லாம் அப்படித்தான். வாயில் புளியோதரை இருக்கும்போது யாரும் கத்த முடியாது. ஏழு வருடச் சட்டத்தை அவளிடம் எடுத்துச் சொல்ல எனக்கும் வேறு முறை தெரியவில்லை.

சனிக்கிழமை என் பங்குச் சோற்றில் பாதியையும் அவள் பங்கில் மிச்சத்தையும் எடுத்து வைத்தேன். ஞாயிறு காலை அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், திருச்சியிலிருந்து ஜாடியில் கொண்டுவந்த புளிக்காய்ச்சலைப் போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து, மந்தாரை இலையில் கட்டிப் பையில் வைத்தேன். மனைவி போனபிறகு எனக்கு இதெல்லாம் கைவந்துவிட்டது. போர்டில் எழுதியிருந்தது நினைவில் இருந்தது. ஆனால் உணவுப்பொருள் கடத்தல் வேறு, பிரயாணி சாப்பாடு வேறு. பிரயாணியின் கட்டுச்சோற்றை உலகத்தில் எந்த நிர்வாகமும் சரக்காகக் கணக்கில் எடுத்ததில்லை. கேட்டில் நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிள் என் கோட்டைப் பார்த்து சல்யூட் வைத்தான். பையைத் திறக்கவில்லை.

ரப்பர் மரங்களுக்கு நடுவே போய் ஒரு மேட்டில் ஏறினோம். அதுதான் பாதை. ஜல்லிக்கு மேல் லாலாங் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. கட்டைகள் இருந்த இடம் ஒவ்வொன்றும் சின்னப் பள்ளமாக, ஒழுங்கான இடைவெளியில், கண்ணுக்கெட்டிய தூரம் போனது. திருஞானத்தின் வேலை. கட்டை போன பிறகும் இடைவெளி பிசகவில்லை.

நிறுத்தத்தில் ஒரு சிமெண்ட் மேடை மட்டும் மிச்சம். செண்பகம் அதில் உட்கார்ந்தாள்.

“இங்கதான். இந்தப் பாதையை இவர்தான் பேத்துக் குடுக்கணும்னு ஜப்பான்காரன் சொன்னான். மலாக்காலேருந்து ஆரம்பிச்சு, பேத்துப் பேத்து வண்டியில ஏத்திக்கிட்டே பின்னால வந்தாங்க. இங்க வந்தப்ப அந்த வண்டியிலேருந்து இறங்கி, தண்ணி குடிச்சாரு. நீங்க ஏன் போறீங்க, இரும்பு போனா போகட்டும்னேன். இது என் பொறுப்புல இருக்கிற தண்டவாளம், எங்க கொண்டுபோயிப் போடறாங்களோ அங்க சரியாப் போட்டுட்டு வந்துடறேன்னாரு.”

அந்த இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சரக்கு எங்கே போகிறதோ அங்கே பொறுப்பாளர் போகவேண்டும். அதுதான் விதி.

பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தேன்.

செண்பகத்தின் முகம் வெளுத்துப்போனது. “என்னண்ணே இது?”

“புளியோதரை.”

“கேட்டைத் தாண்டி எப்படிக் கொண்டு வந்தீங்க? ஐயோ, ஏன் கொண்டு வந்தீங்க?” குரலை இறக்கினாள். “பாத்தா சுட்டுடுவாங்க. கேக்கவே மாட்டாங்க.”

“சரி, தூக்கிப் போட்டுடுவோம்.”

“காட்டோரத்துல சோத்தைப் போட்டுட்டுப் போறதுதாண்ணே குத்தமே. திரும்ப எடுத்துட்டுப் போனாலும் மாட்டுவோம்.” பிறகு இலையைத் தன் பக்கம் இழுத்தாள். “சாப்பிடுங்க. பருக்கை விடாம சாப்பிடணும். சீக்கிரம்.”

இரண்டு கிழங்கள், பட்டப்பகலில், ஆளில்லாத ரயில் நிறுத்தத்தில், கட்டுச்சோறு முழுவதையும் அவசர அவசரமாக விழுங்க ஆரம்பித்தோம். நான் எப்போதும் காரமாகத்தான் பிசைவேன். கடலை பல்லில் மாட்டியது. தண்ணீர் இல்லை. அவள் இடது கையால் என் முதுகைத் தட்டிவிட்டு வலது கையால் சாப்பிட்டாள். இதைவிட நல்ல சமயம் வராது என்று எனக்கு ஏன் தோன்றியதோ தெரியாது.

“செண்பகம், சட்டப்படி ஏழு வருஷம் ஒருத்தரைப்பத்தித் தகவல் இல்லைன்னா...”

“முழுங்கிட்டுப் பேசுங்க.”

“இறந்தவராத்தான் கணக்கு. நீ ஊருக்கு வந்துடு.”

அவள் வாயில் சோறு இருந்தது. மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மிளகாய்க் காரமா, வேறா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

“யாரு கணக்கு?” என்றாள் விழுங்கியபிறகு. “நேரில பாத்தவங்க ஒருத்தர் வந்து சொல்லட்டும், தாலியக் கழட்டறேன். காய்ச்சலோ வயித்துப்போக்கோ, இன்ன இடத்துல புதைச்சோம்னு சொல்லட்டும். இன்னிவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. அவர் வந்து கதவைத் தட்டறப்ப வேற யாராச்சும் கதவைத் திறந்தா என்ன நினைப்பாரு? இன்னும் ரெண்டு கை இருக்கு, எடுத்துக்குங்க.”

அப்போதுதான் ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து துப்பாக்கிகள் வந்தன. பின்னாலேயே ஆட்கள் வந்தார்கள். நான்கைந்து மலாய்ப் போலீஸ்காரர்கள். மீதியிருந்த சோற்றைப் பார்த்து, எங்களைப் பார்த்து, ஏதோ கேட்டார்கள். செண்பகம் எழுந்து நின்று மலாயில் பேசினாள். கையால் தன் மார்பைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

“என்ன சொன்னே?”

“ஒண்ணுமில்ல. சும்மா விசாரிக்கறாங்க. நீங்க வாயைத் திறக்காம வாங்க.”

போலீஸ் ஸ்டேஷனில் அவளை உள்ளே உட்காரவைத்து, என்னை வராந்தாவில் விட்டார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அந்தோணி என்ற மலாக்காத் தமிழர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சிலுவை. எனக்கு ஒரு கிளாஸ் காப்பி கொண்டுவந்து கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பயப்படாதீங்க ஐயா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. சாப்பாடு தன்னோடதுன்னு டீச்சரம்மா ஒத்துக்கிட்டாங்க.”

“என்ன?”

“நானே பிசைஞ்சேன், நானே கொண்டாந்தேன், அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. எழுதி வாங்கியாச்சு.”

“அவளை என்ன பண்ணுவாங்க?”

“ஜெயில் போடலாம். ஆனா டீச்சரு, இதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல. நாடு கடத்திருவாங்கன்னு நினைக்கிறேன்.” கொஞ்சம் நெருங்கி வந்து, நல்ல சேதி சொல்கிறவர் போலக் குரலைத் தாழ்த்தினார். “நீங்க கூட்டிட்டுப் போகத்தானே வந்தீங்க? தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும் லா. கப்பல் செலவுகூட கவர்மெண்டு. உங்க காரியம் தானா முடிஞ்சிருச்சி.”

நான் காப்பியைக் குடித்தேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. நான் எத்தனை பேசினாலும் வராதவளை அரசாங்கம் ஓர் உத்தரவில் அனுப்பிவைக்கும். தங்கை பத்திரமாக வீடு வந்து சேருவாள். என்மேல் கோபப்படவும் அவளுக்கு வழியில்லை. அவளே எழுதிக்கொடுத்தது. இவ்வளவு சுத்தமான ஒரு நடைமுறையை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை. நான் செய்யவேண்டியது, அவள் சொன்னபடி, வாயைத் திறக்காமல் இருப்பது மட்டும்.

“பின்னால திரும்பி வரலாமா?” என்று கேட்டேன்.

“முடியாது ஐயா. பேரு பதிஞ்சிரும். இந்தப் பக்கம் காலே வைக்க முடியாது.”

ஒரு பாதையை இந்தப் பக்கத்திலிருந்து பெயர்த்துவிட்டால் அந்தப் பக்கத்திலிருந்து திரும்பி வரவேண்டியவனுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தேன். “அதிகாரியைப் பாக்கணும்,” என்றேன்.

அதிகாரி வெயிலில் தோல் உரிந்த ஓர் இளம் வெள்ளைக்காரர். மேஜைமேல் பொட்டலம் திறந்து கிடந்தது. எறும்பு வந்துவிட்டது. எங்கள் பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அவருடையதைவிட என்னுடையது இலக்கண சுத்தமாக இருந்தது என்பதில் இப்போதும் எனக்கு ஓர் அற்பத் திருப்தி.

“என் சகோதரி கொடுத்தது தவறான வாக்குமூலம். சாப்பாடு என்னுடையது.”

“சகோதரர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.”

“இந்த இலையைப் பாருங்கள். மந்தாரை. காயவைத்து ஈர்க்கால் தைத்தது. இங்கே எல்லாரும் வாழையிலையில்தான் கட்டுகிறார்கள். இதே இலை ஒரு கட்டு, திருச்சிக் கடை முத்திரையோடு என் பெட்டியில் இருக்கிறது. புளிக்காய்ச்சல் ஜாடியும் இருக்கிறது. ஆள் அனுப்பிப் பார்க்கலாம்.”

அனுப்பினார். ஜீப் போய் வரும்வரை நின்றுகொண்டிருந்தேன். ஜாடியும் இலைக்கட்டும் மேஜைக்கு வந்தன. அவர் ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடினார்.

“இப்படிக் கலந்த சோறு எத்தனை நாள் கெடாது?”

பக்கத்தில் நின்ற அந்தோணி இருமினார். அது எச்சரிக்கை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டுப் பக்குவத்தைப்பற்றிக் கேட்கிறார், அவ்வளவுதான்.

“மூன்று நாள். நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் நான்கு.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “ஒரே நாளில் புளித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மாவட்டம் முழுவதும் அரிசியைச் சோறாக்கிக் கொடுக்கிறோம். நீங்கள் அதைக் காட்டில் நான்கு நாள் வைத்துச் சாப்பிடக்கூடிய உணவாக மாற்றி, காட்டோரத்துக்கே கொண்டுபோயிருக்கிறீர்கள்.”

அந்த நிமிடம்வரை எனக்கு அது தோன்றவில்லை. எந்தச் சட்டத்தை நான் பாராட்டினேனோ அதன் நடு முதுகெலும்பை ஒரு கரண்டி புளிக்காய்ச்சலால் முறித்திருந்தேன்.

“நீங்கள் அரசாங்க ஊழியராக இருந்தவர். போர்டைப் படிக்கவில்லையா?”

“படித்தேன். பிரயாணி சாப்பாட்டுக்குப் பொருந்தாது என்று முடிவு செய்தேன்.”

“யார் முடிவு செய்தது?”

“நான்.”

கடைசியில் என் வயசு காப்பாற்றியதா, கோட்டா, இல்லை, காட்டில் இருப்பவர்களுக்கு உணவு கொடுக்கிறவன் அதைத் தானே பாதி தின்றிருக்கமாட்டான் என்ற பொதுப்புத்தியா, தெரியாது. டீச்சரை எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு அனுமதி ரத்து. அடுத்த கப்பலில் போய்விட வேண்டும். மறுபடி மலாயாவுக்கு வரக் கூடாது.

ஜீப்பில் தோட்டத்துக்குத் திரும்பினோம். கேட்டுக்குள் வந்ததும் செண்பகம் வெடித்தாள்.

“உங்களை யாரு பேசச் சொன்னது? இந்த வயசுல ஜெயிலுக்குப் போயிருந்தா? நான் சொன்னதை அப்படியே விட்டிருந்தா என்னை ஊருக்கு அனுப்பியிருப்பாங்க. அந்தோணி சொல்லலையா?”

“சொன்னாரு.”

“நீங்க வந்த காரியமும் முடிஞ்சிருக்கும்.”

“முடிஞ்சிருக்கும்.”

“அப்புறம் ஏன்?”

“ஏன் பேசாம இருந்தீங்கன்னு கேக்கறதுக்காகவே நீ கூடவே வந்திருப்பே. கப்பல் முழுக்க கேட்டிருப்பே. எனக்குக் காது அவ்வளவு நல்லா இல்லை.”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் அன்று சோற்று வரிசைக்கு என் சட்டியையும் அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

தம்பினில் ரயில் ஏற்றிவிட ஒரு போலீஸ்காரரைக் கூட அனுப்பியிருந்தார்கள். செண்பகமும் ஸ்டேஷனுக்கு வந்தாள். பாஸ் வாங்கித்தான் வந்தாள். பிளாட்பாரத்தின் ஒரு பக்கத்தில் வடக்கே போகிற பாதை, உயிரோடு, பளபளவென்று கிடந்தது. இன்னொரு பக்கத்தில், மலாக்கா வண்டி நின்ற இடத்தில், வெறும் ஜல்லி. ஒரு நாய் படுத்திருந்தது.

வண்டி வரும் நேரத்தில் அவள் கேட்டாள்: “அண்ணே, உங்களுக்கு ரயில்பாதையெல்லாம் தெரியும். சயாம்லேருந்து ஒருத்தர் வரணும்னா எப்படி வரணும்?”

முதலில் பதில் சொல்லவேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒருவர் ரயில் கேட்டால் எனக்குச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

“எல்லையில பாடாங் பெசார். அங்கே மாறி, பிறை ஸ்டேஷன்ல மாறி, கோலாலம்பூர். அங்கேருந்து தெக்க வர்ற வண்டியில தம்பின்.”

“இங்க இறங்கினா?”

“மலாக்கா வண்டிக்காக இந்தப் பக்கம் வந்து நிப்பார்.”

“அதுதான் இல்லையே.”

“அவருக்கு எப்படித் தெரியும்? அவர் பேத்த பாதையை யுத்தம் முடிஞ்சதும் திரும்பப் போட்டிருப்பாங்கன்னு நினைப்பார். ரயில்வேக்காரன் அப்படித்தான் நினைப்பான்.”

“எவ்வளவு நேரம் நிப்பாரு?”

“வண்டி வராதுன்னு யாராவது சொல்றவரைக்கும்.”

அவள் அந்த ஜல்லியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடச் சட்டத்தை எடுத்துச் சொல்லக் கப்பல் ஏறி வந்தவன், இறந்தவராகக் கணக்குக் கொள்ளவேண்டிய ஓர் ஆளுக்கு மாற்று வண்டிகளெல்லாம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. திருத்திச் சொல்ல வாயெடுத்தேன். வண்டி வந்துவிட்டது. போலீஸ்காரர் என் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே தேடினேன். எனக்குக் கையசைக்க அவள் அங்கே நிற்கவில்லை. பிளாட்பாரத்தின் அந்தப் பக்கம், ஜல்லியை ஒட்டி, ஒரு தமிழ்ப் போர்ட்டரை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது. அவள் கையைத் தன் தலைக்கு மேலே உயர்த்தி, ஓர் ஆளின் உயரத்தைக் காட்டினாள். போர்ட்டர் தலையாட்டினார்.